எழுபது மார்க்குக்கு ஒரு காசு

போன மாசம் பூஜை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பாட்டி திருநீறு போட்டுத் தேய்க்கிற காசு, பளபளன்னு இருக்கும். நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் ஒரு தரம் சாய்த்தார், "தேய்ச்சுட்டீங்களே" என்றார். தரம் பற்றிய தீர்ப்பு முடிந்தது. பிறகு லென்ஸை எடுத்து, பின்பக்கத் தாமரைப் பூவுக்கு அடியில் புள்ளி இருக்கிறதா என்று தேடினார். இருந்தால் பம்பாய் அக்கசாலை, இல்லையென்றால் கல்கத்தா.

தரம், அக்கசாலைக் குறி. ஒரு பழைய காசின் விலை பெரும்பாலும் இந்த இரண்டில்தான் நிற்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே ஜாதி இல்லை என்பது என் கட்சி.

குறி, சேகரிப்பாளருக்காக வைத்ததே இல்லை. எடையிலோ மாற்றிலோ குறை வந்தால் எந்த அக்கசாலையைப் பிடிப்பது என்று தெரிய வைத்த அடையாளம். அமெரிக்காவில் சேகரிப்பாளர்கள் வெகுகாலம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1893-ல் அகஸ்டஸ் ஹீட்டன் என்ற ஓவியர் கிளை அக்கசாலைக் காசுகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிய பிறகுதான் அந்தப் பித்து பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 1893-ல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த மார்கன் வெள்ளி டாலர் வெறும் 1,00,000. இன்று அந்த வரிசையிலேயே எல்லாரும் தேடுகிற காசு அது. எஸ் எழுத்து இருப்பதால் விலை எகிறுகிறது. எனவே குறி இல்லாத பிலடெல்பியா காசில் எஸ் ஒட்டி விற்கிற ஆட்களும் உண்டு. ஆனால் மாட்டிக்கொள்வார்கள். அசல் காசுகள் எல்லாம் ஒரே முகப்பு அச்சில் அடித்தவை. தலைப்பட்டையில் உள்ள லிபர்ட்டி என்ற சொல்லின் டி எழுத்தில் ஒரு சாய்ந்த கோடு இருக்கும். லென்ஸ் இருந்தால் நீங்களும் பார்க்கலாம், நானும் பார்க்கலாம்.

தரத்துக்கு அப்படி ஒரு கோடு கிடையாது.

வில்லியம் ஷெல்டன் 1949-ல் பழைய அமெரிக்க சென்ட்டுகளைப் பற்றிய தன் நூலில் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வைத்தார். தொழிலால் உளவியலாளர்; மனித உடம்புக்கே எண் போட்டவர், காசை விடுவாரா! அடையாளம் மட்டும் தெரிகிற காசுக்கு 1, மாசற்றதுக்கு 70. அடிமட்டக் காசின் விலையை எண்ணால் பெருக்கினால் உங்கள் காசின் விலை வந்துவிடும் என்பது கணக்கு. 'நன்று', 'மிக நன்று' என்று வியாபாரிகள் இழுத்த இழுப்புக்கு வந்த சொற்களை அது கட்டிப்போட்டது, அந்த மட்டில் நல்ல காரியம். பெருக்கல் கணக்கு சீக்கிரமே செத்துப்போச்சு. எண் மட்டும் பிழைத்துக்கொண்டது. மேலே சொன்ன எஸ் டாலர் தேய்ந்த நிலையில் சில ஆயிரம் டாலர். 67 வாங்கிய ஒன்று 2021-ல் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. எந்த எழுபதால் பெருக்குவது?

புழங்கித் தேய்ந்த காசில் எண்ணுக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. முடிக்கற்றை மழுங்கியிருக்கிறதா என்று காட்ட முடியும். 60-க்கு மேலே தேய்மானமே இல்லை. மூட்டையில் உரசிய கீறல், அடியின் அழுத்தம், பளபளப்பு, கடைசியில் 'கண்ணுக்கு எப்படி இருக்கு' என்பதுவரை வந்து நிற்கிறது. 1986-லிருந்து நிறுவனங்கள் காசைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் ஒட்டித் தருகின்றன. 65 வாங்கிய காசைப் பெட்டியை உடைத்து வெளியே எடுத்து, 66 கிடைக்குமா என்று மறுபடி அனுப்புவது அங்கே சாதாரண வழக்கம். சில சமயம் கிடைத்தும் விடுகிறது. காசு மாறவில்லை, பார்த்த கண் மாறியது. விலையும் மாறியது. இதைத் தராசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறியை மட்டும் நம்பினாலும் ஏமாற்றம்தான். நம் சட்டைப்பையிலுள்ள ஐந்து ரூபாயில் ஆண்டுக்குக் கீழே வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா. இதைக் காட்டி 'லட்சங்களில் போகும்' என்று வீடியோ போடுகிறார்கள். கோடிக்கணக்கில் அடித்த காசு எப்படி லட்சத்துக்குப் போகும்? பழைய காசு வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

ஷெல்டனிடம் திரும்புகிறேன். அவர் இறந்த பிறகு ஒரு விஷயம் வெளியே வந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் மட்டமான தன் சென்ட்டுகளை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். ஆண்டு அதே, வகை அதே. பட்டியலில் எதுவும் குறையவில்லை. அவர் திருடியது தரத்தை மட்டும்தான்!

எங்கள் ரூபாயில் புள்ளி இருந்தது, பம்பாய். இப்படித் தேய்த்த காசுக்கு அந்த நிறுவனங்கள் எண்ணே தராது, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடும். மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டேன். இனிமேல் தேய்க்க வேண்டாம் என்று பாட்டியிடம் யார் போய்ச் சொல்வது?