அருளர் (இசைத்தொகுப்பு): ஒரு திறனாய்வு

'அருளர்' என்பது எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசத்தின் முதல் இசைத்தொகுப்பு. 2005 மார்ச் மாதம் எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. ஜமைக்காவின் டான்ஸ்ஹால், அமெரிக்காவின் ஹிப் ஹாப், பிரேசிலின் பைலே ஃபங்க், லண்டனின் மின்னணு இசை எல்லாம் கலந்த தொகுப்பு இது. அதே ஆண்டு பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு வேறொரு தொகுப்புக்குப் போனது. விற்பனையும் பெரிதாக இல்லை. பிரிட்டன் பட்டியலில் 98ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனால் அமெரிக்காவின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் அந்த ஆண்டு இசை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றது.

தமிழில் இவரைப் பற்றி நான் படித்தவற்றில் பெரும்பாலானவை இவருடைய அரசியல் பேச்சுகளைப் பற்றியவை. பாட்டைக் கேட்டு எழுதியவை குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தந்தையின் பெயர்

மாதங்கி 1975 ஜூலையில் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தந்தை அருள்பிரகாசம், அருளர் என்ற இயக்கப் பெயரில் ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர். (அவரை விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் என்று எழுதுவது பிழை. மாணவர்கள் குறிப்பெடுக்கும்போது கவனிக்கவும்.) அவர் தலைமறைவாகவே வாழ்ந்தார். எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும், பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம்கூட அவரை உறவுக்காரர் என்றே சொல்லிவைத்தார்கள். இடையில் சில காலம் குடும்பம் சென்னையில் ஒரு பாழடைந்த வீட்டில் இருந்தது. 1986இல் தாய் கலா மூன்று பிள்ளைகளுடன் அகதியாக லண்டன் சேர்ந்தார்.

கூட இல்லாத தந்தையின் பெயரை மகள் தன் முதல் தொகுப்புக்கு வைத்தார். இணையத்தில் தன் பெயரைத் தேடினால் அவர் இதைக் கண்டுபிடிப்பார் என்பது எண்ணம். அது பலித்தது. பெயரை மாற்றும்படி தந்தையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது என்று மாதங்கியே சொல்லியிருக்கிறார். அவர் மாற்றவில்லை.

எம்.ஐ.ஏ. என்ற சுருக்கத்தின் பொருள், போர்க்களத்தில் காணாமற்போனவர். லண்டனின் ஆக்டன் பகுதியை வைத்துச் செய்த சிலேடையும் அதில் உண்டு. ஆங்கில வாசகர் சிலேடையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். 'காணாமற்போனோர்' என்ற சொல்லை ஈழத் தமிழர் எவரும் அப்படிக் கடந்து போக முடியாது.

டான்ஸ்ஹாலும் நம் ரேடியோ செட்டும்

டான்ஸ்ஹால் 1970களின் இறுதியில் ஜமைக்காவில் ரெகே இசையிலிருந்து கிளைத்தது. பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி வைத்து ஊர் கூடி ஆடும் கூடங்களிலிருந்து வந்த பெயர். எங்கள் பக்கத்தில் மாரியம்மன் பொங்கலுக்கு இரண்டு ரேடியோ செட்டுக்காரர்கள் எதிரெதிரே குழாய் கட்டிப் போட்டி போடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே தாளத்தை எடுத்துக்கொண்டு பலர் தத்தம் சொற்களைப் போட்டுப் பாடுவது அங்கே வழக்கம். கும்மி மெட்டுக்கு ஊருக்கொரு பாட்டு இருப்பதைப் போல. 1985இல் 'ஸ்லெங் டெங்' என்ற தாளம் ஜமைக்காவையே புரட்டிப் போட்டது. அதன் மூலம் கேசியோ எம்.டி.-40 என்ற விலை மலிவான சிறு கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருந்த தாளம். கையில் கிடைக்கும் கருவியில் பாட்டுச் செய்வது அன்றிலிருந்து டான்ஸ்ஹாலின் இயல்பாயிற்று.

மாதங்கியும் அப்படித்தான் தொடங்கினார். படித்தது ஓவியமும் திரைப்படமும். எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் பயணத்தைப் படமெடுக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளக் கருவியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். அதைத் தட்டிப் பார்த்துச் செய்தவைதான் முதல் பாட்டுகள். சங்கீதப் பயிற்சி இல்லாதவர் செய்த இசை என்பது கேட்டாலே தெரியும். 'கலாங்' பாடலில் தாளம் மொட்டையாக நிற்கிறது; மேலே குரல் ஓடிப் பிடித்து விளையாடுகிறது. கலாங் என்பது ஜமைக்கப் பேச்சில் 'போய்க்கிட்டே இரு' என்பதைப் போன்றது. பாட்டின் கடைசியில் சொற்களெல்லாம் தீர்ந்து, ஊரே சேர்ந்து கூவுவது போன்ற குரல் எழுகிறது. தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

'பக்கி டன் கன்' ஒன்றைத்தான் டிப்லோ என்ற அமெரிக்க இசைக்கலைஞர் தயாரித்தார். ஆனால் தொகுப்பையே அவர்தான் செய்து கொடுத்தார் என்பதுபோலப் பத்திரிகைகள் எழுதின. 2007இல் மாதங்கி இதை வெளிப்படையாகக் கண்டித்தார். பெண் ஒருத்தி நன்றாகச் செய்தால் 'யார் சொல்லிக் கொடுத்தது?' என்ற கேள்வி வகுப்பறையில் மட்டும் கேட்பதில்லை.

வெடியும் விளையாட்டும்

தொகுப்பின் அட்டையில் பாடகியின் முகத்தைச் சுற்றித் துப்பாக்கிகள், பீரங்கி வண்டிகள், குண்டுகள். எல்லாம் பளீர் நிறங்களில், அச்சு வெட்டி அடித்த சுவரோவியம் போல. சிவகாசிக்காரர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தீப்பெட்டி லேபிளும் பட்டாசுப் பெட்டியும் அச்சடித்த ஊர் எங்களுடையது. ஆட்டம் பாம், ராக்கெட் என்று போர்ச் சொற்களைக் குழந்தைகளின் கையில் கொடுத்தவர்களும் நாங்கள்தான்.

ஆனால் அதே ஊரில் இருப்பதால் இன்னொன்றும் தெரியும். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். முதலிப்பட்டியில் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 'ஃபயர் ஃபயர்' போன்ற பாடலை வெறும் துள்ளலாகக் கேட்க என்னால் முடியவில்லை. ஆயுதப் பெயர்கள் இதில் தாளத்துக்கு எதுகையாக வந்து போகின்றன. யார் கையிலிருந்து, யார் மேல் என்பது இல்லை. பாடகிக்குப் போர் தெரியாது என்று சொல்லவில்லை. தெரிந்தவர் இவ்வளவு எளிதாகக் கடந்து போகலாமா என்பதுதான் என் குறை. சில இடங்களில் அட்டைப்படம் பாட்டை விழுங்கிவிடுகிறது.

'சன்ஷவர்ஸ்' அப்படியல்ல. ஒருவனை மடக்கி, ஒரு புகைப்படத்தைக் காட்டி, இது நீதானே என்று கேட்டுக் கொன்றுபோடுகிறார்கள். அதே பாட்டில் மாங்காய்க்கு உப்பும் மிளகும் தொட்டுக்கொள்ளும் பழக்கமும் வருகிறது. மேலே 1976இல் வந்த ஓர் அமெரிக்க நடனப் பாட்டின் இனிய பல்லவி மிதக்கிறது. சாவும் மாங்காயும் ஒரே மூச்சில் வருவதுதான் போர் நடக்கும் ஊரின் அன்றாடம். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிப்பிட்டதற்காக இதன் காணொளியை எம்.டி.வி. ஒளிபரப்ப மறுத்தது. தொகுப்பிலேயே ஆயுதத்தை மிகப் பொறுப்போடு பேசும் பாட்டுக்குத்தான் தடை விழுந்தது என்பது வேடிக்கை.

பாடல்களின் மொழி ஆங்கிலம். ஜமைக்கப் பேச்சும் லண்டன் தெருப் பேச்சும் ஏறிய ஆங்கிலம். தமிழிசையை இதில் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். அவர்கள் 2007இல் வந்த 'கலா'வைக் கேட்க வேண்டும். தாயின் பெயரிலான அந்தத் தொகுப்புக்காக அவர் சென்னைக்கு வந்து பதிவு செய்தார். அதில் உறுமி அதிர்கிறது. விருதுநகர் பங்குனிப் பொங்கலில் நின்றவர்களுக்கு அந்த உறுமல் உடனே பிடிபடும்.

'அருளர்' தொகுப்பில் விமர்சகர்கள் கவனிக்காமல் விடும் ஒரு துண்டு உண்டு. 'பனானா' என்ற தலைப்பில் சில நொடிகளே வரும் குறும்பேச்சு. ஆங்கில வகுப்பில் சொல்லித் தருவதுபோல அந்தச் சொல்லை அசை அசையாகப் பிரித்து உச்சரிக்கிறார்கள். அகதிப் பிள்ளைக்கு முதல் பாடம் இதுதான் என்ற கிண்டல். முப்பது வருடம் கரும்பலகையில் அசை பிரித்தவள் என்பதால் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, கண்டியாபுரம் போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. முகாம் பிள்ளைகள் என் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பேச்சில் பதில் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் 'சரியாச் சொல்லு' என்று திருத்தியிருக்கிறேன். எது சரி என்று அப்போது யோசிக்கவில்லை.

அப்படிப் படித்த ஒருத்தி இப்போது கல்லூரியில் இருக்கிறாள். போன விடுமுறைக்கு வந்தபோது கைப்பேசியில் முழுத் தொகுப்பையும் போட்டுக் கேட்டோம். 'ஃபயர் ஃபயர்' ஓடும்போது பேசாமல் இருந்தாள். 'கலாங்' வந்ததும் கால் தாளம் போட்டது. எல்லாம் முடிந்த பிறகு, "டீச்சர், அந்த வாழைப்பழத்த இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.