தோழமையும் பொறுப்பும்: கூரியேர் சுரங்க விபத்தும் பாப்ஸ்டின் ‘காமராட்ஷாஃப்ட்’ திரைப்படமும்

1906 மார்ச் 10 அன்று வட பிரான்சில் கூரியேர் நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நிகழ்ந்த வெடிப்பில் 1,099 பேர் மாண்டனர். ஐரோப்பியச் சுரங்க வரலாற்றில் இதனினும் பெரிய உயிரிழப்பு இல்லை. நிலத்தடியில் ஒன்றோடொன்று இணைந்திருந்த சுரங்கங்களின் வழியே நிலக்கரித் தூசி தீப்பற்றிப் பரவியதே இழப்பைப் பெருக்கியது. அப்போது ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து சுரங்க மீட்புக் குழுவினர் வந்து உதவினர். அந்நிகழ்வைக் கருவாகக் கொண்டு ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் 1931இல் இயக்கிய திரைப்படம் ‘காமராட்ஷாஃப்ட்’. ‘தோழமை’ என்பது அதன் பொருள்.

பாப்ஸ்ட் கதையை முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்துக்கும் ஜெர்மானிய-பிரெஞ்சு எல்லைக்கும் மாற்றுகிறார். அதனால் எல்லைக்கோடு நிலத்தடியிலும் கம்பித் தடுப்பாக நிற்கிறது. மூச்சுத் திணறிக் கிடக்கும் பிரெஞ்சுத் தொழிலாளி, முகமூடி அணிந்து வரும் ஜெர்மானியரைப் போர்க்களப் பகைவராகக் கண்டு தாக்குகிறார். மீட்க நீளும் கையையே அஞ்சவைக்கும் போர்நினைவை இக்காட்சி ஒரு சொல்லும் இன்றி உணர்த்துகிறது.

எனினும் இம்மாற்றம் மற்றொன்றை மறைக்கிறது. கூரியேரில் வெடிப்புக்குச் சில நாள் முன்னரே சுரங்கத்தின் ஒரு பகுதியில் தீ மூண்டிருந்தது. ஆயினும் வேலை நிறுத்தப்படவில்லை. விபத்துக்குப்பின் எவரும் உயிரோடு இரார் எனக் கருதித் தேடுதல் விரைவில் கைவிடப்பட்டது. ஆனால் 20 நாள் கழித்து 13 பேர் தாமே வழிதேடி உயிருடன் வெளிவந்தனர். தொழிலாளரின் சினம் பெரும் வேலைநிறுத்தமாக வெடித்தது. உள்துறை அமைச்சர் கிளெமான்சோ படையை அனுப்பினார்.

படமும் சுவரெழுப்பித் தீயை அடைக்கும் முயற்சியைக் காட்டுகிறது. ஆனால் தீ இருக்கையில் தொழிலாளரைக் கீழே இறக்கியவர் யார் என்னும் வினாவை அது தொடர்வதில்லை. இறுதி உரைகளில் நச்சுவாயுவும் போரும் பொதுப்பகையாகச் சுட்டப்படுகின்றன. வாயுவைப் பகையாக்கும்போது, முடிவெடுத்த மனிதர் பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றனர்.

உரைகளுக்குப்பின் அதிகாரிகள் ஆவணங்களை மாற்றிக்கொள்ள, உடைக்கப்பட்ட கம்பித் தடுப்பு மீண்டும் பொருத்தப்படுகிறது. தோழமை பிழைக்குமா என்று படமே இங்கு ஐயுறுகிறது. எல்லையை மனிதர் கையெழுத்து எழுப்புகிறது என்பதைக் கண்ட பாப்ஸ்ட், 1,099 சாவுகளின் பின்னும் அத்தகைய மனித முடிவுகள் இருந்தன என்பதைக் காட்டாது விடுகிறார். மீட்டவர்களின் ஈகத்தைப் போற்றும் நினைவு, மீட்பைத் தேவையாக்கியவர்களின் பொறுப்பை மறக்கச் செய்யலாகாது. அப்பொறுப்பைக் கேட்ட வேலைநிறுத்தமும் கூரியேர் விட்டுச்சென்ற மரபே. திரையில் அதற்கு இடமில்லை.