கம்பளத்துக்கு அடியில் போன கடிதம்

தாமஸ் ஹார்டி பேச்சை எடுத்தாலே நண்பர்களிடமிருந்து ஒரே புகார்தான் வரும்: "அந்தாளு கதையில எல்லாமே தற்செயல்தாம்ப்பா." உதாரணத்துக்கு அவர்கள் எடுப்பதும் ஒரே காட்சிதான். 'டெஸ்' நாவலில், கல்யாணத்துக்கு முன்னால் டெஸ் தன் கடந்தகாலத்தைக் கடிதமாக எழுதி ஏஞ்சலின் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். கடிதம் கம்பளத்துக்கு அடியில் போய்விடுகிறது. அவன் பார்க்கவே இல்லை. ஒரு கம்பளத்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை நாசமாகுமா?

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். சர்வர் விழுந்தால் கடைசியில் எந்த வரி உடைந்தது என்பதோடு விசாரணையை முடிக்க மாட்டோம். ஒரு வரி உடைந்ததும் மொத்தமும் சரியும்படி ஏன் கட்டியிருக்கிறோம் என்றுதான் கேட்போம். ஹார்டியையும் அப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. கல்யாணம் நடப்பதற்கு முன்பே டெஸ் அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்துவிடுகிறாள். நேரிலேயே சொல்லவும் பார்க்கிறாள். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று ஏஞ்சல்தான் தள்ளிப்போடுகிறான். ஆக, தற்செயல் கெடுத்ததைச் சரிசெய்ய ஹார்டியே ஒரு வாய்ப்பு தருகிறார். அப்படியும் எதுவும் மாறுவதில்லை. கல்யாண இரவில் ஏஞ்சல் தன் பழைய தவறைச் சொல்கிறான், அவள் மன்னித்துவிடுகிறாள். அவள் தன் கதையைச் சொன்னதும் அவனால் முடியவில்லை. கடிதம் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்? கோளாறு கம்பளத்தில் இல்லை. ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று வைத்திருக்கும் அளவுகோலில் இருக்கிறது.

அந்த அளவுகோல் ஹார்டியையும் விடவில்லை. 1891இல் 'தி கிராஃபிக்' வார இதழில் தொடராக வந்தபோது நாவலின் முக்கியமான பகுதிகளை வெட்ட வேண்டியிருந்தது. வெள்ளம் தேங்கிய பாதையில் ஏஞ்சல் பால்காரப் பெண்களைத் தூக்கிக்கொண்டு கடப்பதுகூட ஆகாது என்று, கையில் ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்தார்கள்! 1895இல் 'ஜூட்' வந்ததும் எரித்துவிட்டேன் என்று ஒரு பிஷப்பே அறிவித்தார். அதன்பின் ஹார்டி புதிதாக நாவல் எழுதவில்லை. 1898இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. 1928இல் இறப்பதற்குள் 900க்கும் மேற்பட்ட கவிதைகள்.

அவற்றின் உச்சம் '1912–13 கவிதைகள்'. அங்கேதான் எனக்குச் சிக்கல். கட்டடக்கலைஞராக இருந்த ஹார்டி, 1870இல் ஒரு தேவாலயத்தைச் செப்பனிடும் வேலைக்காக கார்ன்வால் போனார். அங்கே எம்மாவைச் சந்தித்தார். 1874இல் கல்யாணம். வருஷங்கள் போகப்போக ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்து, எம்மா மாடியறைக்கு ஒதுங்கினார். 1912 நவம்பரில் அவர் இறந்த பிறகு ஹார்டி கார்ன்வாலுக்குப் போனார். மனைவியைத் தேடித்தேடி எழுதினார். ஆனால் தேடியதெல்லாம் 1870இன் எம்மாவை. தான் காதலித்தது இவளை அல்ல, இவள் உருவத்தில் இருந்த வேறொருத்தியை என்பதுதானே டெஸ்ஸிடம் ஏஞ்சல் சொன்னது? தான் படைத்த ஏஞ்சலாக ஹார்டியே இருபது வருஷம் கழித்து மாறிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அது அவருக்கே தெரியாமல் இல்லை. 'தி ஹான்ட்டர்' கவிதையில் ஆவியாக வந்து எம்மாதான் பேசுகிறார். உயிரோடு இருந்தபோது கூட வரச்சொல்லி அதிகம் அழைக்காத கணவன் இப்போது கூப்பிடுகிறான், தனக்கோ பதில் சொல்ல முடியவில்லை என்கிறார். தன்மீதே இவ்வளவு கூர்மையான குற்றச்சாட்டை எழுதிய கணவர்கள் குறைவு.

ஆனாலும் அந்தக் குரலை எழுதியது ஹார்டிதான். கணவனைப் பற்றி எம்மா கசப்போடு எழுதிவைத்திருந்த குறிப்பேடுகளை அவர் எரித்துவிட்டார். 'ஜூட்'டை எரித்த பிஷப்பை நாம் கேலி செய்கிறோம். இந்த நெருப்பை என்ன செய்வது?

கவிதைகளை ஒதுக்கச் சொல்லவில்லை, நானே திரும்பத்திரும்பப் படிக்கிறேன். கூடவே எம்மாவின் இளமை நினைவுகளையும் படியுங்கள். அதை ஹார்டி எரிக்கவில்லை, 1961இல் புத்தகமாகவும் வந்தது. கம்பளத்துக்கு அடியிலிருந்து வெளியே வந்த கடிதம் அது ஒன்றுதான்.