மேஜர் வண்டு கொண்டு வந்த குண்டு

கட்டாரிலிருந்து பேரன் விடுமுறைக்கு வந்தபோது அவனுடைய பையில் ஏழெட்டு ஆங்கிலப் படப் புத்தகங்கள் இருந்தன. ஆறு வயது. தமிழ் விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். பிழை அவனில் இல்லை. நாங்கள் அவனோடு தமிழில் பேசுவதெல்லாம் "கையைக் கழுவு", "சாப்பிடு", "சத்தம் போடாத" என்பவைதான். தமிழ் அவனுக்கு உத்தரவு போடுகிற மொழியாகி விட்டது.

அந்தப் புத்தகங்களுள் ஒன்று 'ட்ரமர் ஹொஃப்'. 1967இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பழைய நாட்டார் பாட்டொன்றைத் தழுவி பாபரா எம்பர்லி எழுத, கணவர் எட் எம்பர்லி மரச்செதுக்கு அச்சில் படங்களை ஆக்கினார். 1968இல் கல்டிகொட் பதக்கம் பெற்றது. டொக்டர் சூஸின் புத்தகங்களைத் தேடி வாங்கும் எங்கள் ஊர் ஆங்கில ஆசிரியர்களிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் இந்தப் பெயர் தெரியவில்லை.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பீரங்கியைப் பூட்டுகிறார்கள். சிப்பாய் ஒருவன் வண்டியைக் கொண்டு வருகிறான், கோப்ரல் குழலை, சார்ஜன்ட் வெடிமருந்தை, இப்படித் தரம் ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொருவருடைய பெயரும் அவர் கொண்டுவரும் பொருளோடு ஒலியால் ஒட்டியிருக்கிறது. புதிதாக ஒருவர் வந்ததும் முன்னே வந்தவர்களின் வரிகளெல்லாம் திரும்ப ஒலிக்கும். ஜெனரலின் முறை வரும்போது அவர் ஒன்றையும் தூக்கி வருவதில்லை, கட்டளை மட்டும் கொடுக்கிறார். வெடியைக் கொளுத்துகிறவன் எல்லோருக்கும் கீழே நிற்கிற மேளகாரன். இதற்குமேல் ஒரு விளக்கம்கூட நூலில் இல்லை. எழுதியவரின் அந்த அடக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

முதல் இரவு தமிழில் சொல்லிக் காட்டினேன். கருத்து ஒன்றும் தவறவில்லை. பேரன் கொட்டாவி விட்டான். "இங்கிலீஷ்ல வாசிங்க மூத்தாப்பா" என்றான்.

ஏன் என்று யோசித்தேன். ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டதும் படத்தைப் பார்த்து, வரப்போகும் சொல்லைப் பிள்ளை ஊகித்துவிடுகிறான். நான் வாய் திறக்க முன்னரே கத்துகிறான். ஓசை ஒரு வாக்குறுதியைக் கொடுக்கிறது. படம் அதை நிறைவேற்றுகிறது. ஓசை நயத்தை இனிமைக்காகப் பூசிய சீனிப்பாகு என்று நினைப்பவர்கள் இந்த வேலையைக் கவனிப்பதில்லை.

தமிழ்ச் செய்யுளின் பலம் எதுகையும் மோனையும். இரண்டும் பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில் வந்து விடுகின்றன. அடியின் முடிவில் வருவது இயைபு. அங்கேதான் எங்கள் வினைச்சொற்கள் குந்தியிருக்கின்றன: வந்தது, நின்றது, போனது, பார்த்தது. பரிசளிப்பு விழாவொன்றுக்காகக் கடைகளில் தமிழ்ச் சிறுவர் பாடல் நூல்களைப் புரட்டியபோது நான் கண்டதும் இதைத்தான். எல்லா வரிகளும் 'து'வில் முடிந்தால் ஓசை இருக்கும், ஆனால் ஊகிக்க என்ன இருக்கிறது? கடைசி வரியில் புத்திமதி வரும் என்பதை மட்டும் எந்தப் பிள்ளையும் ஊகித்துவிடும்.

எல்லாரும் இப்படியல்ல. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரி வெருளியைப் பாடசாலையில் படித்தவர்களுக்கு, சிரிப்பை வரவைக்கும் தமிழ் எங்களிடம் முன்பே இருந்தது என்று தெரியும். ஆனால் பக்கம் புரட்டும்போது ஒரு சொல் மாத்திரம் மறைந்திருந்து பாய்வதற்குப் படமும் பாட்டும் சேர்ந்தே பிறக்க வேண்டும். அப்படிப் பிறந்தவை குறைவு.

இரண்டாம் இரவு வேறு விதமாகச் செய்தேன். பெயர்களை நானே வைத்தேன். சண்டிக்கு வண்டி, விருந்துக்கு மருந்து, வண்டுக்குக் குண்டு. "மேஜர் வண்டு குண்டைக் கொண்டு வந்தார்" என்று இலக்கணப்படி சொன்னால் வேலைக்காகவில்லை. குண்டு நடுவில் புதைந்து போகிறது. "மேஜர் வண்டு கொண்டு வந்தார்..." என்று நிறுத்தினேன். "குண்டு!" என்று பாய்ந்தான். வினையை முன்னுக்குத் தள்ளிப் பொருளைக் கடைசியில் விடும் இந்த ஒழுங்கு எங்கள் பேச்சில் எப்போதும் உண்டு. "வந்துட்டாடா உம்மா" என்று சொல்லாத வீடு எது? கிழக்கிலங்கையின் நாட்டார் கவிகளிலும் தாலாட்டுகளிலும் வாய்க்கு எது வாகோ அதுதான் கடைசியில் வரும். அச்சுக்குப் போகும்போதுதான் நாங்கள் எழுத்துத் தமிழின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டு விடுகிறோம்.

ஜெனரலுக்குத்தான் பெயர் அமையவில்லை. கட்டளைக்குச் சோடி தேடிக் களைத்துப் போனேன். மகள்தான் குசினிக்குள் இருந்து "ஓடர் எண்டு போடுங்களன், வாப்பா" என்றாள். ஓடர், மோடர். ஜெனரல் மோடர்! தூய தமிழ் அன்பர்கள் மன்னிக்க வேண்டும். ஒரு இராணுவத் தலைவரைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக அந்த மூல நூலும் சொல்லவில்லை.

பேரனின் பையில் இருந்த மற்ற நூல்கள் எல்லாமே இப்படிக் கடல் தாண்டி வரும் என்று சொல்ல மாட்டேன். அஹ்ல்பேர்க் தம்பதியரின் 'ஈச் பீச் பெயார் பிளம்' (1978) அழகான புத்தகம்தான். ஆனால் படங்களில் ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சிறுவர் பாட்டுப் பாத்திரங்களைத் தெரியாத பிள்ளைக்கு அங்கே கண்டுபிடிக்க எவருமில்லை. குவென்டின் பிளேக்கின் 'மிஸ்டர் மெக்னோலியா' (1980) ஒற்றைச் சப்பாத்துக்காரரின் கதை. நூல் முழுக்க ஒரே ஓசைதான் ஓடுகிறது. அதைத் தமிழாக்க முயல்பவர் புதிதாக ஒரு நூலையே எழுதியாக வேண்டும்.

'ட்ரமர் ஹொஃப்' எங்களுக்கு நெருக்கமானது அதன் கடைசிப் பக்கத்தால். வெடி வெடித்து விடுகிறது. இரண்டு பக்கமும் நெருப்பு நிறம். அடுத்த பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. பீரங்கி புல்லுக்குள் கிடக்கிறது, அதைச் சுற்றிப் பூக்கள், பறவைகள் குடியேறியிருக்கின்றன. எத்தனை வருடம் போயிற்று என்றோ, யார் வென்றார் என்றோ சொல்லப்படவில்லை. கிழக்கில் யுத்த காலத்தைக் கடந்து வந்த எனக்கு அந்தப் பக்கத்தை உடனே மூட முடியவில்லை. பேரனுக்கு அதெல்லாம் தெரியாது. "பீரங்கிக்குள்ள குருவி இரிக்கி" என்று தமிழில் சொன்னான், தானாகவே.

மூலத்தில் வெடிச்சத்தத்துக்காக எழுதப்பட்ட நீண்ட சொல்லின் வாலில், பூத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒளிந்திருக்கிறது. அடுத்த பக்கத்தின் விதை அங்கேயே விழுந்து விடுகிறது. இதை மொழிபெயர்க்க முடியாது என்று விட்டிருந்தேன். ஊருக்கு வந்த கடைசி வாரத்தில் 'டமார்' என்று வழமைபோல் சத்தம் போடப் போய், நாக்குப் பிரண்டு "டமலர்ர்ர்" என்று வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகுதான் எனக்கு உறைத்தது.

"டமலர் எண்டா என்ன மூத்தாப்பா?"

"அதுக்குள்ள ஒரு மலர் இரிக்கி."

"மலர் எண்டா?"

பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன்.