விழும் விண்மீன்களும் முத்தோரைக் கம்பிகளும்

வடம் அறுந்த லிஃப்டில் நிற்பவருக்குத் தன் எடையே தெரியாது. ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களும் அப்படி ஓயாமல் விழுபவைதான். எந்த விசையையும் உணராத பொருள் எதற்கு ஈர்ப்பலை வீச வேண்டும்? வீசாது என்று 1960இலும் வாதாடினார் ஐன்ஸ்டைனின் கூட்டாளி இன்ஃபெல்ட். ஆனால் அந்த எடையின்மை விண்மீன் நிற்கும் சிறு இடத்துக்கு மட்டுமே பொருந்தும். அலையோ முழுச் சுற்றுப்பாதையின் விவகாரம். இயற்பியலாளர்கள் சந்திரசேகரும் எஸ்பொசிட்டோவும் 1970இல் அலை வெளியேறுவதன் எதிர்விளைவைக் கணக்கிட்டார்கள். 1976இல் ஏலர்ஸ் குழு இவ்வகைத் தருவிப்புகளில் ஓட்டை இருப்பதாகச் சொன்னது. நியாயமான குறைதான்.

வானம் தந்த சான்று வேறு. 1974இல் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த துடிப்பு விண்மீன் (பல்சர்) தன் இணையை ஏழே முக்கால் மணி நேரத்தில் சுற்றுகிறது. அந்தச் சுற்று நேரம் ஆண்டுக்கு 76 மைக்ரோ விநாடி குறைகிறது. பாதையும் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை மீட்டர் சுருங்குகிறது. சுற்று நேரத்தின் இந்தக் குறைவு ஐன்ஸ்டைனின் கோட்பாட்டோடு 0.2 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது. ஆனால் பால்வீதியின் முடுக்கத்தால் வரும் போலி மாற்றத்தைக் கழித்த பிறகே இந்தப் பொருத்தம் கிடைக்கும். கழிக்க வேண்டுமானால் விண்மீனின் தூரம் தெரிய வேண்டும். துடிப்பை நுணுக்கமாக எண்ணும் இம்முறை அங்கேதான் தடுமாறுகிறது.

விண்வெளி எலக்ட்ரான்களால் வரும் இன்னொரு தடுமாற்றத்துக்கு மருந்து கோவைக்குப் பக்கத்திலேயே உண்டு. மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி ஊட்டியைத் தாண்டினால், உருளைக்கிழங்கு விளையும் முத்தோரையில், 530 மீட்டர் நீளத்துக்கு 24 பரவளையச் சட்டங்கள். அவற்றின் மேல் 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். கோவிந்த் ஸ்வரூப் 1970இல் முடித்த ரேடியோ தொலைநோக்கி அது. மலைச்சரிவு 11 டிகிரி. ஊரின் அட்சரேகையும் அதுவே. அதனால் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. அதைச் சுற்றித் திருப்பினாலே ஒரு விண்மீனை ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். இத்தனை எளிய பொறியியல் நம் நாட்டில் அரிது.

விண்வெளி எலக்ட்ரான்கள் துடிப்பைத் தாமதப்படுத்துகின்றன. முத்தோரை கேட்கும் 326.5 மெகாஹெர்ட்சில் அந்தத் தாமதம், 1,400 மெகாஹெர்ட்சில் இருப்பதைப்போல் 18 மடங்கு. எனவே எலக்ட்ரான் கணக்கை இங்கே துல்லியமாகப் பார்க்கலாம். அதே தாழ்ந்த அலைவரிசைதான் துடிப்பைச் சிதறடித்து மழுங்கவும் வைக்கிறது. போதாக்குறைக்கு இந்தக் கருவி ஒரே முனைவாக்கத்தை மட்டும் வாங்கும்.

முத்தோரையையும் நாராயண்காவ் தொலைநோக்கியையும் நம்பித் துடிப்பு விண்மீன்களை எண்ணத் தொடங்கிய இந்தியக் குழு, 2023 ஜூனில் ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து பிரபஞ்சமெங்கும் பரவிய பின்னணி ஈர்ப்பலைக்கான தடயத்தை வெளியிட்டது. அந்தத் தடயத்தின் உறுதி மூன்று சிக்மா அளவில்தான். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலில் ஐந்து சிக்மா கேட்பார்கள்.