மழை மாதத்து அச்சு முறுக்கு

மலேசியாவின் தெலுக் இந்தானில் தீபாவளி வருவது அடைமழை பெய்யும் அக்டோபர், நவம்பரில். பேராக் ஆறு ஊரை ஒட்டி வளைந்து ஓடுகிறது. காற்றில் எப்போதும் ஈரம். இந்த ஊரில் அச்சு முறுக்கை மொறுமொறுவென்று காப்பாற்றும் பெண்களின் கைப்பக்குவத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பூ வடிவ அச்சை முதலில் எண்ணெயில் நன்றாகக் காயவிடுவார்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி கலந்த கரைசலில் மேல் விளிம்பு முழுகாமல் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி மெல்ல உதறினால் பூ கழன்று மிதக்கும். பொங்கி வரும் குமிழ்களெல்லாம் மாவை விட்டு வெளியேறும் நீர்தான். சலசலப்பு அடங்கியதும் எடுக்க வேண்டும். அந்தப் பதத்தைக் காதால் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீர் போனதும் மாவுச்சத்தும் சீனியும் கண்ணாடியாக இறுகிவிடுகின்றன. கடித்தால் படக்கென்று உடைவது அதனால். வெளியே வைத்தால் சீனி ஈரத்தை இழுக்கும். நுழைந்த நீர் அந்த இறுக்கத்தைத் தளர்த்த, முறுக்கு நமத்துப்போகிறது. மெல்லிய இதழ் என்பதால் சீக்கிரமே.

முழுக்க ஆறிய பிறகே டின்னில் அடுக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். நமத்ததை மிதமான சூட்டில் ஓவனில் கொஞ்ச நேரம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பும். எண்ணெய் சிக்கு வாடை வந்துவிட்டால் மட்டும் எந்தச் சூடும் உதவாது.