அருவி நீரும் ஆரோக்கிய வாதமும்

தென்மேற்குப் பருவக்காற்று திரிகூட மலையில் முட்டி, சிற்றாறு பேரருவியாக விழத் தொடங்கியதும், தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் குற்றாலத்தில் வந்து குவிகிறார்கள். மூலிகைகள் செறிந்த வனத்தினூடே ஓடிவருவதால் அந்த நீர் சகல வியாதிகளையும் போக்கும் என்பது அவர்களிற் பலருடைய நம்பிக்கை. அதை ஆராய்வது குற்றாலத்தைப் பழிப்பதாகாது; தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து அநுபவித்த அந்த ஸ்தலத்தின் பெருமைக்கு, இல்லாத குணத்தை ஏற்றிச்சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அருவிக்கடியில் தலையைக் கொடுத்து நின்றவர்க்கு உடல் இலேசாவதும், நன்றாகப் பசியெடுப்பதும், இரவில் அயர்ந்த உறக்கம் வருவதும் பிரத்யட்சம். நீரின் குளிர்ச்சியும், விழும் வேகமும், சாரல் காற்றும், கவலையற்ற ஓய்வுமே அதற்குப் போதிய காரணங்கள். மூலிகையின் பங்கைச் சித்த வைத்தியரின் அடுப்படியிலேயே அளந்துவிடலாம். நிலவேம்புக் குடிநீர் காய்ச்சுகிறவர் சரக்கை நிறுத்துப் போட்டு, நீரைச் சுண்டவைத்து, வடிகட்டி, அதையும் அளவு குறித்தே கொடுக்கிறார். வேரையும் பாறையையும் தொட்டுக்கொண்டு கணப்பொழுதில் பாய்ந்துபோகும் வெள்ளத்தில் அந்தச் சத்து எவ்வளவு இறங்கும் என்று எண்ணிப் பார்த்தால், நம்முடைய வைத்திய சாஸ்திரமே இந்த வாதத்துக்கு இடங்கொடாது.

இயற்கையின்மேல் ஏற்றிய அதே குணத்தை இயந்திரத்தின்மேல் ஏற்றி, காரநீர், காந்தநீர் என்று பெயரிட்டு விற்பது இன்னும் கண்டிக்கத்தக்கது. நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருபவர்களிற் சிலர் நம் குழாய் நீரை ஒரு கண்ணாடித் தம்ளரிலும், தம் நீரை மற்றொன்றிலும் ஊற்றி, இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சற்று நேரத்தில் நம் நீர் பழுப்பேறிக் கசடு தட்டுகிறது; அவர்கள் நீர் தெளிந்தே நிற்கிறது. வீட்டார் திகைத்துப் போகிறார்கள். உண்மையில் கம்பியிலுள்ள இரும்புதான் கரைந்து துருவாகிறது. உப்புக்கள் உள்ள நீரில் மின்சாரம் எளிதில் ஓடும். உப்பு நீக்கிய நீரில் அவ்வளவாக ஓடாது. அந்தத் தெளிந்த தம்ளரில் ஒரு சிட்டிகைச் சோற்று உப்பைப் போட்டால் அதுவும் பழுப்பாகிவிடும். ரத்தத்தைக் காரமாக்கும் என்று சொல்லப்படும் காரநீரோ இரைப்பையின் அமிலத்தைக் கடந்தாக வேண்டும்; ரத்தத்தின் காரநிலையை pH அளவில் 7.35க்கும் 7.45க்கும் இடையே காத்துவருபவை நுரையீரலும் சிறுநீரகமுமே.

பழைய வழக்கமெல்லாம் பொய்யென்று தள்ளுவதற்கும் இல்லை. 2012இல் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள், வயிற்றுப்போக்கை விளைவிக்கும் கிருமிகள் கலந்த நீரைச் செப்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்தபின் கிருமிகள் அழிந்திருந்ததையும், கரைந்த செம்பு உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்புக்குள் இருந்ததையும் கண்டு வெளியிட்டார்கள். எந்தக் கிருமி, எத்தனை மணி, எவ்வளவு செம்பு என்று அவர்கள் வரையறுத்துச் சொன்னதனாலேயே அதை நம்ப முடிகிறது. அதே செப்புக் குடம் மூட்டுவாதத்தையும் தீர்க்கும் என்பது அந்தச் சோதனையில் இல்லாத செய்தி.

நீரை நம்பி நீரிழிவுக்காரர் மருந்தை நிறுத்துவதே இவ்வகைப் பேச்சின் பெருங்கேடு. நீரிழிவைக் குணப்படுத்துவதாக மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. அருவி நீரை மருந்தென்று புட்டியில் நிரப்பி ஊருக்குக் கொண்டுபோகிறவர்களும், அது திறந்த மலையில் மண்ணோடும் சருகோடும் மிருகங்களின் எச்சத்தோடும் இறங்கிய மழைநீர் என்பதை எண்ணி, குழந்தைக்குக் கொடுக்குமுன் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும்.